விடியலில் காற்றாலை என்ன நிறம்

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு கடலில் காற்றாலை நடுவதுதான் என் பிழைப்பு. நிஜமாக அல்ல, படத்தில். கடலுக்குள் காற்றாலை போடலாம் என்று யாராவது கிளம்பினால், அது கரையிலிருந்து எப்படித் தெரியும் என்று ஊர்மக்களுக்கு முன்கூட்டியே காட்ட வேண்டும். கரையில் நின்று புகைப்படம் எடுத்துவந்து, தூரத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ற அளவில் காற்றாலைகளைக் கணினியில் அதன்மேல் வைப்போம். அலுவலகம் சரவணம்பட்டியில். "கோயமுத்தூர்ல ஏதுங்க கடலு?" என்று ஆட்டோக்காரர்கூடச் சிரிக்கிறார். சிரிக்கட்டுமே! காற்றாலைக்கு இரும்பு வார்த்துக் கொடுக்கிற பட்டறைகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. படம் மட்டும் வேறெங்கிருந்து வரவேண்டுமாம்?

எனக்குக் காற்றாலை என்றால் பெருமை. அதை ஒளிக்க மாட்டேன். அம்மா வீடு உடுமலைப்பேட்டைக்குப் பக்கம். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். ஆடிக் காற்றில் கொடியில் ஒரு துணி நிற்காது, அம்மா வாய்விட்டுத் திட்டுவாள். ஆனால் விருந்தாளி வந்தால் முதலில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவதும் அதைத்தான். "எங்கூட்டுக் காத்தாடிங்க" என்பாள். எங்களுக்குச் சொந்தமான காட்டில்கூட இல்லை அது. யாரோ ஒரு மில்காரர் போட்டது.

சென்ற வருடம் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் படம் எடுக்கப் போனோம். கிழக்குப் பார்த்த கரை. சூரியன் கடலிலிருந்து எழும்புவதைப் பார்க்க விடியுமுன்னே வெளியூர்க்காரர்கள் வந்துவிடுகிறார்கள். அவர்களை நம்பி ஓர் அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். கடைவாசலில் கேமராவை முக்காலியில் நிறுத்தி நான் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் பக்கத்தில் வந்தார்.

"தாயி, கடைக்கு மேல ஒரு மாடி போடலாம்னு இருக்கேன். மேல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே சூரியனப் பாக்கலாம்லா? இப்பப் போயி இந்தக் காத்தாடிவ வந்து முன்னால நின்னா எப்படி இருக்கும்? போடவா, வேண்டாமா? நீயாவது உள்ளதச் சொல்லு."

"சொன்னாத் தெரியாதுங்க்கா. ஊர்க்கூட்டத்துக்குப் படத்தோட வாரேன். நீங்களே பாருங்க" என்றேன்.

ஊருக்குத் திரும்பி வந்து ஆசை ஆசையாகப் படத்தைச் செய்தேன். ஆரஞ்சு வானம், எழும்புகிற சூரியன், அதன் முன்னால் வரிசையாக வெள்ளைக் காற்றாலைகள். அலுவலகமே கூடிநின்று பார்த்தது. பொள்ளாச்சி, பல்லடம், தாராபுரம் என்று எல்லாருமே காற்றாலைகளுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். அதில் இருந்த தப்பு ஒருவருக்கும் உறைக்கவில்லை. காற்றாலை வெள்ளைதானே, இதில் என்ன பார்க்க இருக்கிறது? "அம்சமா இருக்குதுங்க அம்மணி" என்று மேலாளர் கையோடு அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றபோது எதிரே பொழுது விடிந்துகொண்டிருந்தது. நடுவில் எங்கள் வீட்டுக் காத்தாடி. வெள்ளையாவது ஒன்றாவது! அடுப்புக்கரி மாதிரிக் கன்னங்கறேலென்று நின்றது. சூரியன் பின்னால் இருந்தால் வேறு எப்படித் தெரியும்? அட கருமமே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதுதான் வினையே. பார்த்துப் பார்த்துப் பழகிப்போனதால் அது என்ன நிறத்தில் தெரிகிறது என்று பார்ப்பதையே விட்டிருக்கிறேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"காலைல கறுப்பாத்தான் தெரியுமுங்க. மாத்தோணும்."

"வெள்ளையே அழகா இருக்குதுங்களே அம்மணி. கறுப்பா வெச்சா கூட்டத்துல சத்தம் போடுவாங்க."

"போடட்டுமுங்க. பொய்ப்படத்தத் தூக்கிட்டு நான் வரமாட்டனுங்க."

"கொஞ்சம் பனி மட்டுமாச்சும் போட்டு மூடிக்கலாமுங்களா?"

"உங்க ஊட்டுப் புள்ளைக்குப் பொண்ணு பாக்கறப்ப போட்டோவுல பனி போட்டுக் குடுத்தா ஒத்துக்குவீங்களாங்க?"

எங்கள் பக்கத்தில் கழுத்தைப் பிடிக்கிற சண்டைக்கும் 'ங்க' போட்டுத்தான் ஆக வேண்டும். அரைநாள் அப்படி மரியாதையாகச் சண்டை போட்டோம். கடைசியில், "மாத்திக்குங்க. ஆனா அங்க நின்னு நீங்கதான் பதில் சொல்லோணும்" என்றார்.

அந்தக் கடற்கரை ஊரின் வலை பின்னும் கூடத்தில் ஊர்க்கூட்டம். ஃபிளெக்ஸில் அச்சடித்த படத்தைத் தூணுக்குத் தூண் கட்டி விரித்தோம். விடியல் வானத்தில் கறுப்புக் காற்றாலைகள். கூடம் வெடித்தது. ஆளாளுக்குக் கத்தினார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னேன். கடைக்கார அக்கா மட்டும் நேராகப் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"என் கடைவாசல்ல எடுத்ததுதான?"

"ஆமாங்க்கா."

"இவ்வளவு கறுப்பாவா தெரியும்?"

"விடியக்காலைல இப்படித்தானுங்க தெரியும். வெயில் ஏறுனா வெளுத்துரும்."

வெகுநேரம் பார்த்தார். "எனக்குப் பிடிக்கல தாயி. எனக்கு இது வேண்டாம்" என்றார்.

சுருக்கென்றது. வீட்டுப் பிள்ளையை ஒருவர் முகத்துக்கு நேரே குறை சொன்னால் வருமே, அந்த வலி. கோபமும் வந்தது. எங்கள் ஊருக்கு வந்து ஆடிக்காற்றில் அது சுற்றுகிற அழகைப் பாருங்கள் என்று நாக்குவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"அப்ப மாடிங்க்கா?"

"போடத்தான் போறேன். அந்த மாடியில நின்னுதான் வேண்டாம்னு சொல்லப்போறேன்." படத்தின் ஓரத்தைக் கையால் தொட்டார். "இத எங்கிட்ட குடுத்துரு. அங்க மாட்டணும்."

"பிடிக்கலைன்னீங்க?"

"பிடிக்கலதான். எது வேண்டாம்னு நாலு பேருக்குக் காட்டணும்லா? நாளைக்கே இன்னொருத்தன் அழகா ஒரு படத்தக் கொண்டாந்து விரிச்சா, இந்தா பாருன்னு சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?"

கூட வந்திருந்த மேலாளரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். தூணில் கட்டியிருந்த கயிற்றை நானே அவிழ்த்தேன். படத்தைச் சுருட்டி, இரண்டு கையாலும் அக்காவிடம் கொடுத்தேன். எங்கள் காற்றாலைக்கு எதிராகப் பேசத்தான் அது போகிறது என்று நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் அன்றைக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் வண்டியில் ஏறினேன்.