கடைமடையில் ஒரு குண்டுவீச்சு விமானம்

ஆவணி மாதம் இருபத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் வானம் மூடியிருந்ததேயன்றி ஒரு துளியும் விழவில்லை. அன்று பிற்பகலில்தான் நான் இத்தொழிலில் சேர்ந்தேன். காணாமற்போனவர்களைத் தேடும் தொழிலில் முதல் இடையூறு காணாமற்போகாதவர்களே என்பது அப்போது எனக்குத் தெரியாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வீடு வீடாகப் படியேறி, நாய்க்கும் நக்கலுக்கும் ஈடுகொடுத்த ஆசிரியப் பெருமக்கள் என் துன்பத்தை விளக்கமின்றியே உணர்வார்கள். மற்றவர்களுக்காகச் சற்று விரித்து எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்தது

முப்பத்து நான்கு ஆண்டுகள் தஞ்சையில் பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். என் பழைய மாணவன் கதிரவன் இங்கிலாந்தில் இருக்கிறான். அவன் தெருவில் டோரத்தி என்னும், எண்பதைக் கடந்த அம்மையார் ஒருவர் வசிக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அவருடைய தந்தை ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வாற்பகுதியில் அமர்ந்து துப்பாக்கி இயக்கியவர். எட்டுப் பேருடன் தமிழ்நாட்டு ஓடுதளம் ஒன்றிலிருந்து வங்கக்கடலை நோக்கிக் கிளம்பிய அவ்விமானம் திரும்பவில்லை. அம்மையாருக்கு அப்போது பத்து மாதம். அரசு அனுப்பிய தாளில் இரண்டே வாக்கியங்கள்: புறப்பட்டது, திரும்பவில்லை. பிழையற்ற வாக்கியங்கள்தாம். ஆயினும் அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பெண் எண்பது ஆண்டுகளைக் கழித்திருக்கிறார்.

விமானத்திலிருந்து வந்த கடைசி ரேடியோச் செய்தி, கரை தெரிகிறது என்பது. எந்தக் கரை என்பதைச் சொல்வதற்குள் நின்றுவிட்டது. வேதாரணியத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையில் எங்கேனும் விழுந்திருக்கலாம் என்பது பிற்காலத்தார் கணிப்பு. அம்மையாரின் இதயம் இனி ஒரே ஒரு நெடும்பயணத்தைத்தான் தாங்கும் என்று மருத்துவர் கூறியிருந்தார். தந்தை கிடக்கும் இடம் தெரிந்தால் அந்தப் பயணத்தை இங்கே செலவிடுவார், தெரியாவிட்டால் வரமாட்டார். நான் தயங்கினேன். கதிரவன் தொலைபேசியில் சொன்னான்: "சார், எங்க நோட்டுல இல்லாத தப்பையெல்லாம் கண்டுபிடிச்சீங்க. இருக்கிற ஏரோப்பிளேனக் கண்டுபிடிக்க மாட்டீங்களா?"

எண்ணெய்க்காரர்

முதல் வாரம் மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு சிற்றூருக்குச் சென்றேன். வெள்ளைச் சட்டை அணிந்து, வரப்பில் நின்று, வரைபடத்தை விரித்தேன். காவிரிப் படுகையில் இம்மூன்றையும் ஒருசேரச் செய்யலாகாது. பத்து நிமிடத்தில் இருபது பேர் சூழ்ந்துகொண்டார்கள். வயலுக்குள் எரிவாயுக் குழாய் இறக்க அளவெடுக்க வந்தவன் நான் என்பது அவர்கள் முடிவு. என்னை டீக்கடைக்கு அழைத்துச் சென்று, அமரவைத்து, டீயும் வாங்கிக் கொடுத்து, வரைபடத்தைப் பறிமுதல் செய்தார்கள்.

போர், விமானம், எட்டுப் பேர், வயதான மகள் என்று வரிசை பிறழாமல் எடுத்துரைத்தேன். சீருடையில் நிற்கும் தந்தையின் புகைப்படத்தையும் காட்டினேன். "இவருதான் கம்பெனி முதலாளியா?" என்றார் ஒருவர். வடை சுட்டுக்கொண்டிருந்த அம்மாள் கரண்டியை நிறுத்தாமலே வழக்கை முடித்துவைத்தார்: "மீத்தேன்னு சொன்னா அடிக்க வராங்கன்னு இப்ப ஏரோப்பிளேன்னு சொல்லி அனுப்பியிருக்கானுவ. பாவம், வயசானவரா பாத்து அனுப்பியிருக்கானுவ."

மீனுக்கு வீடு

நிலம் கைவிட்டதால் கடலை நாடினேன். அதிராம்பட்டினத்தில் ஜபருல்லா என்னும் படகுக்காரரின் வலை, ஒரே இடத்தில் அடிக்கடி சிக்கிக் கிழிவதாகக் கேள்விப்பட்டேன். அடியில் இரும்பு கிடக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். இடத்தை மட்டும் சொல்ல மறுத்தார். அமிழ்ந்து கிடக்கும் பொருளைச் சுற்றி மீன் சேரும். அவ்விடத்தை அறிந்தவர் தம் உடன்பிறந்தவருக்கும் உரைப்பதில்லை. மூன்று நாள் கெஞ்சிய பிறகு, என்னை அழைத்துச் செல்ல இசைந்தார். என் கைப்பேசி வழி காட்டிவிடும் என்று அதை வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நான் கரையைப் பார்த்து அடையாளம் வைக்காதிருக்கும்பொருட்டு, கடலைப் பார்த்தே அமரவேண்டும் என்றும் பணித்தார். அந்த ஆணை தேவைப்படவில்லை. இரண்டு மணி நேரமும் நான் படகின் விளிம்பில் குனிந்தே இருந்தேன்.

முங்குபவர் ஒருவர் இறங்கிப் பார்த்தார். மேலே வந்தது துருப்பிடித்த சங்கிலித் துண்டு. கிடப்பது பழைய தோணியின் நங்கூரம். என் முகத்தைக் கண்டு ஜபருல்லாவுக்கு இரக்கம் பிறந்தது. அவருக்கு ஐஸ் தருபவரின் பெரியப்பா பக்கிரிசாமி, சிறுவயதில் விமானம் விழுந்ததைக் கண்ணால் கண்டவர் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்க கடல்ல கேட்டீங்க, கடல்ல காட்டினேன். வயல்ல விழுந்ததக் கேக்கவே இல்லையே சார்," என்றார்.

கனகாபிஷேகம்

பக்கிரிசாமிக்குத் தொண்ணூறு வயது. அதைக் கொண்டாடக் குடும்பத்தோடு திருக்கடையூர் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். தொண்ணூறு வயதுச் சாட்சியைத் திரும்பி வரட்டும் என்று காத்திருப்பது விவேகமன்று. அடுத்த பேருந்தில் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவரையும் அவர் மனைவியாரையும் பலகையில் அமர்த்தி, மக்களும் மருமக்களும் வரிசையாகக் கலசநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நின்றால்தான் அவரை நெருங்க முடியும் என்பதால் நானும் நின்றேன்; ஒரு கலசமும் ஊற்றினேன்; ஊற்றியபடியே கேட்டேன்.

பெரியவர் தலை முழுகிய நிலையிலேயே உற்சாகமானார். "அடை மழை. நான் ஆடு ஓட்டிக்கிட்டு நிக்கிறேன். தலைக்கு மேல வருது, ரெக்கையில நெருப்பு. வால் இல்ல சார். வால் இல்லாம வந்துச்சு. கலியபெருமாள் இருக்கானே, அவன் தாத்தா வயல்ல..." என்று தொடர்ந்தார். வால் இல்லை என்பதை நான் எழுதிக்கொண்டேன். வாற்பகுதியில் அமர்ந்தவரைத்தான் நான் தேடி வந்திருக்கிறேன் என்பதை நினைத்துக் கை சற்று நின்றது. வரிசை தடைப்பட்டதைக் கண்ட சாஸ்திரிகள் சொன்னார்: "பெரியவர் வாயைத் திறந்துண்டே இருந்தா தீர்த்தம் உள்ள போயிடும். ஏரோப்பிளேனை இன்னும் நாலு கலசம் கழிச்சு இறக்குங்கோ."

மடைத் தகடு

கலியபெருமாளின் ஊர் கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த நீர், வழியிலுள்ளோர் எல்லாரும் பாய்ச்சியது போக, மிஞ்சினால் வந்து சேரும் ஊர் அது. நான் சென்றது புரட்டாசியில்; முறைத் தண்ணீர் விட்டிருந்தார்கள். விமானம் விழுந்த வயலை அவர் மறைக்கவில்லை. அதன் உறுப்பு ஏதேனும் மீந்திருக்கிறதா என்றதற்கு வாய்க்காலைக் காட்டினார். பக்கத்து வயலுக்கு நீர் போகாதபடி மடைவாயில் ஓர் அலுமினியத் தகடு செருகப்பட்டிருந்தது. அதன் மேல்விளிம்பில் எண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. உடல்கள் சேற்றில் இருந்தன.

தகட்டைச் சற்றே தூக்குமாறு வேண்டினேன். "நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் என் முறை சார். தூக்கினா தண்ணி பங்காளி வயலுக்குப் போயிடும். போன வருஷம் இதே மடையில மண்டை உடைஞ்சிருக்கு," என்றார். வேறு பலகை வைக்கலாமே என்றேன். எண்பது ஆண்டுகளாக இந்தத் தகட்டுக்கென்றே படிந்துவிட்ட மடைவாய்க்கு வேறெதுவும் பொருந்தாது என்றார். மறுநாள் மாலை வரை ஓர் எண்ணைப் படிப்பதற்காக வரப்பில் காத்திருந்தேன். முறை முடிந்ததும் தகட்டை உருவி, கழுவி, என்னிடம் கொடுத்தார். படம் எடுத்து அனுப்பினேன். நான்காம் நாள் கதிரவனிடமிருந்து செய்தி: அதே விமானம்.

அது ஏன் அரசாங்கத்தின் காதுக்கு எட்டாமற்போயிற்று என்பதையும் கலியபெருமாளே சொன்னார். வெள்ளத்தால் பாதை அறுந்திருந்த அந்த வாரத்தில், அவருடைய தாத்தா இறந்தவர்களைத் திடலில் புதைத்துவிட்டு, மடைக்கு உதவும் என்று தகட்டைக் கழற்றிக்கொண்டார். பிறகுதான் அது அரசாங்கச் சொத்து என்பது அவருக்கு உறைத்தது. பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சி ஊரையே வாயடைக்கச் செய்தார். ஒரு தகட்டுக்காக எட்டு வீடுகள் எண்பது ஆண்டு காத்திருந்தன என்று சற்றுக் கடுமையாகவே கூறினேன். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். "வெள்ளைக்காரங்க திருப்பிக் கேட்டா குடுத்துடறேன் சார். அறுப்பு மட்டும் முடியட்டும்," என்றார்.

ஏழு இலை

தாத்தா தகட்டுக்காக மௌனம் காத்தாரேயன்றி மனசாட்சியை விடவில்லை. ஆண்டுதோறும் தை அமாவாசையன்று திடலில் இலை போட்டுப் படைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். சோறு, சாம்பார், வடை, பாயசம். வெள்ளைக்காரர்கள் என்பதால் ஆளுக்கொரு பன். ஒரு பெட்டி சிகரெட். பேரன் காலத்திலும் அது நின்றபாடில்லை. எத்தனை இலை என்று கேட்டேன். ஏழு. புதைத்தது ஏழு பேரை.

விமானத்தில் ஏறியவர்கள் எட்டுப் பேர். வால் வேறெங்கோ, பெரும்பாலும் கடலில், விழுந்திருக்கிறது. திடலில் இல்லாத அந்த ஒருவர் யார் என்பது எனக்கும் விளங்கியது, கதிரவனுக்கும் விளங்கியது. "சார், எட்டுன்னு எழுதிடுங்க. அந்தம்மா வந்து ஒரு பூ வச்சிட்டு நிம்மதியாப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றான். இரண்டு நாள் யோசித்தேன். ஒருவருக்கு ஒரே ஒரு பயணம் மீதமிருக்கையில் தவறான விலாசம் தரலாகாது என்று முடிவுசெய்து, வால் இல்லாமல் வந்ததையும் ஏழு பேரையும் உள்ளபடி எழுதினேன். பன்னிரண்டு நாள் பதிலில்லை. கதிரவன் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டான். பதின்மூன்றாம் நாள் அம்மையாரே எழுதினார்: "நான் வருகிறேன். அவரோடு கடைசியாகப் பேசியவர்கள் அந்த ஏழு பேர்தாம்."

பெயர்ப் பட்டியல்

மார்கழியில் வந்தார். சம்பா கதிர் முற்றி நின்றது. வரப்பில் அவரால் நடக்க இயலவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்த்தி நால்வர் திடலுக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. புல்லும் ஒரு வேப்பமரமும். அவர் நெடுநேரம் அமர்ந்திருந்தார். கலியபெருமாளின் மனைவி தனலட்சுமி என்னிடம், "பேரு தெரியாமலே படைச்சுக்கிட்டிருக்கோம் சார். பேரை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க," என்றார். அம்மையார் சொல்லச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன்.

தனலட்சுமி எண்ணிப் பார்த்து, எட்டு இருக்கிறதே என்றார். எட்டாமவர் இங்கே இல்லை, அவர்தாம் இந்த அம்மாவின் அப்பா என்று விளக்கினேன். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "இலை ஒண்ணு கூடப் போட்டுக்கறோம். எங்க கிடந்தாலும் கூட வந்தவங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

அதை மொழிபெயர்க்க எனக்குச் சற்று நேரமாயிற்று. அம்மையார் கேட்டுக்கொண்டு, இலையில் என்னென்ன பரிமாறுவார்கள் என்று வினவினார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாம்பார் என்றதும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "என் தந்தை இந்த நாட்டிலிருந்து எழுதிய கடிதங்களில் எல்லாம் ஒரே குறைதான். தயவுசெய்து காரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்," என்றார்.

பிறகு நடந்தது

அம்மையார் ஊர் திரும்பினார். அதன்பின் அவர் எங்கும் பயணம் செய்யவில்லை. திடலைப் பற்றி உரிய அலுவலகங்களுக்கு எழுதினேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. தை அமாவாசையன்று எட்டு இலை போட்டார்கள். தனலட்சுமி பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் உச்சரிப்பைத் திருத்தினேன். எட்டாவது இலையில் தயிர்ச்சோறும் பன்னும் வாழைப்பழமும் மட்டும் இருந்தன; ஊறுகாய் வைக்க வந்த ஒரு பெண்ணை மூன்று பேர் தடுத்தார்கள். படம் எடுத்து அம்மையாருக்கு அனுப்பினேன்.

எட்டாமவர் கிடக்கும் இடம் இன்றுவரை எவருக்கும் தெரியாது. அவருக்குக் காரம் ஆகாது என்பது மட்டும் அந்த ஊருக்கே தெரியும்.