அண்ணன் வாய் திறந்த கதை

கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் சோறு போடுவதற்கு முன்னால் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். காரணம், அண்ணனின் கடைவாய்ப் பல். அது சொத்தையாகி, வலி தாங்காமல் அவன் சாப்பாட்டையே பாதியாகக் குறைத்துவிட்டான். ஆட்டிசம் உள்ள அண்ணனுக்கு முகத்தில் யார் கை பட்டாலும் ஆகாது. திருவள்ளூர் பல் டாக்டரின் கருவித் தட்டை முதல் தடவையே உதைத்துத் தள்ளிவிட்டு வந்திருந்தான். அவனுடைய சிறப்புப் பள்ளி டீச்சர்தான், "அவசரப்படாதீங்க, ஊட்டுலயே கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க" என்றார்.

அம்மா ஒரு ஸ்பூனை எடுத்தாள். முதலில் கன்னம், அது பழகிய பிறகு உதடு, அப்புறம்தான் பல். எதுவானாலும் முதலில் எனக்கு, பிறகுதான் அவனுக்கு. "பாரு, பாப்பா எப்டி தைரியமா காட்டுது" என்று அம்மா சொல்லச் சொல்ல எனக்குத் தலைகால் புரியாது. அண்ணன் பின்வாங்கினால், "கன்னத்துல மட்டும்தான் கண்ணு, உள்ள போவாது" என்பாள்.

சித்தப்பா தன் பங்குக்கு, காக்களூர் கம்பெனியில் இரும்பில் ஓட்டை போடும் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு வந்தார். டாக்டரின் மெஷின் சத்தம் பழக வேண்டுமாம். முதலில் மெல்ல வைத்தார், பிறகு கூட்டிக்கொண்டே போனார். நாளடைவில் அந்தச் சத்தம் இல்லாமல் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அதே கம்பெனியில் வேலை பார்த்த அப்பாதான் நொந்துபோனார். "இன்னாடா இது, ஷிப்ட் முடிச்சிக்கினு ஊட்டுக்கு வந்தா இங்கயும் அதே ரோதனையா?"

கடைசியில் ஒருநாள் எல்லோருமாக டாக்டரிடம் போனோம். ஒத்திகைப்படி முதலில் நாற்காலியில் ஏறியது நான். டாக்டர் எட்டிப் பார்த்து, "இந்தப் பாப்பாவுக்கும் ஒரு சொத்தை இருக்கே" என்று எதையோ வைத்து அழுத்தினார். நான் போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கீழே குதித்து சித்தப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். இத்தனை நாள் பாடுபட்டதெல்லாம் போச்சு, இனி இவன் எங்கே வாயைத் திறக்கப்போகிறான் என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அம்மாவின் பையில் கைவிட்டு, ஸ்பூனை எடுத்து என் கன்னத்தில் வைத்தான்.

"கன்னத்துல மட்டும்தான். உள்ள போவாது."

நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். அவன் ஸ்பூனோடு போய் நாற்காலியில் ஏறி, தானே வாயைத் திறந்தான்.

எல்லோர் முன்னாலும் என்னைக் கேலி செய்துவிட்டானே என்று பஸ்ஸில் வீடு வரும்வரை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். பல் போன இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, அவன் வழியெல்லாம் அந்த ஸ்பூனை என் கன்னத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டே வந்தான். அண்ணனுக்கு யாரையும் கேலி செய்யத் தெரியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.