எழுதியபடியே வாசிப்பவர்

“‘இருபது வணிகர்கள் ஆய்வுக்கு எடுத்துக் கொல்லப்பட்டனர்’” என்று உரக்க வாசித்துவிட்டு, உண்ணாமலை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “இருபது பேரையுமா கொன்னுட்ட?”

எதிரே நின்ற இனியா தலைகுனிந்தாள். “கம்ப்யூட்டர்ல மாறிடுச்சுங்க மேடம்.”

“அது என்ன பண்ணும் பாவம். நீ அடிச்சதத்தான் அது அடிச்சுது.”

கல்லூரியில் தமிழ் நடத்தும் உண்ணாமலை மாணவர்களை ஏசுவதில்லை. அவர்கள் எழுதியதை எழுதியபடியே, ஓர் எழுத்தும் பிசகாமல், துறை அறை முழுவதும் கேட்க வாசிப்பார். அவ்வளவுதான். ‘பல்லி மாணவர்கள்’ என்று இருந்தால் சுவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். பத்திக்குப் பத்தி ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என்று முடிந்தால் பெருமூச்சு விடுவார். “எல்லாமே குறிப்பிடத்தக்கதுனா நான் எதத்தான் விடுறது?”

ஆண்டுதோறும் யாராவது ஒருவர் முகப்பில் நெறியாளர் பெயரை ‘உன்னாமலை’ என்று அச்சடித்துக் கொண்டுவருவார். “மூணு சுழி ண. காலையில நாலு இட்லி தின்னுட்டு வந்தாலும் நான் உண்ணாமலைதான்.”

இனியாவின் ஆய்வேடு கிரிவலப் பாதைக் கடைக்காரர்களின் பேச்சைப் பற்றியது. மூன்று முறை திருப்பி அனுப்பியாயிற்று. இன்று மாலைக்குள் நெறியாளரின் கையெழுத்தோடு தேர்வுப் பிரிவில் சேராவிட்டால் அவளுக்கு இந்த ஆண்டு பட்டம் கிடையாது. அது தெரிந்தும் உண்ணாமலை வாசிப்பை விரைவுபடுத்தவில்லை.

“போன வாரமே சொன்னேனே. ஏன் திருத்தல?”

“பௌர்ணமிங்க மேடம். அடி அண்ணாமலையில அம்மா டீக்கடை வெச்சிருக்காங்க. கூட்டம் ஜாஸ்தி. காலு உளையுதுனு அம்மா உக்காந்துட்டாங்க. நான்தான் டீ ஆத்துனேன்.”

“சாக்கு மட்டும் பிழையில்லாம வருது. ‘உளையுது’ன்றதுல ள கூட சரியா வுழுது பாரு.”

பிழையுள்ள தாள்களை ஒவ்வொன்றாக உருவி மேசையின் இடப்பக்கம் போட்டார். ஜெராக்ஸ் கடையில் அவற்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். தாள்கள் சேரச் சேர இனியா கடிகாரத்தைப் பார்த்தாள். முன்பக்கங்களைக் கடைசியில் பார்ப்பதுதான் உண்ணாமலையின் வழக்கம். முகப்பில் மூன்று சுழி சரியாக இருந்தது. அடுத்து, காணிக்கைப் பக்கத்தில் ஒரே ஒரு வரி.

‘என்னைப் படிக்க வைத்த என் அம்மாவின் உளைப்புக்கு.’

ழ வரவேண்டிய இடம். சிவப்புப் பேனா வட்டம் போட இறங்கியது. உரக்க வாசிக்க வாயைத் திறந்தவர், வாசிக்கவில்லை. இனியாவைப் பார்த்தார். மறுபடி அந்த வரியைப் பார்த்தார்.

“என்னங்க மேடம், அதுலயும் தப்பா?”

அந்தத் தாளை உருவாமல், கட்டோடு சேர்த்துத் தட்டிச் சரிசெய்து வைத்தார். சிவப்புப் பேனாவை மூடினார்.

“நீலப் பேனா வெச்சிருக்கியா?” என்று கையை நீட்டினார்.