அப்பா தேர்ந்தெடுத்த வூஃபர்

எனக்குக் காது விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் யார் டேப் ரிக்கார்டர் வாங்கப் போனாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த மிதப்பில்தான் அப்பாவையும் அழைத்துக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ரேடியோ கடைக்குப் போனேன்.

அப்பா நூல் மில்லில் முப்பது வருடம் நின்றவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். தவிலுக்கு உதடு ஏது? கல்யாண வீடுகளில் தவில்காரர் பக்கத்திலேயே இடம்பிடித்து உட்காரும் மனிதர், காது போன பிறகு மேளம் தொடங்கியதும் எழுந்து பந்திக்குப் போய்விடுவார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. வூஃபர் என்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி வந்திருக்கிறது, அதன் கனத்த சத்தம் காதுக்கு எட்டாவிட்டாலும் உடம்புக்கு எட்டும் என்று யாரோ சொன்னார்கள்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று, காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, கறுப்பாக மினுமினுத்தது. மற்றது கடைக்காரரே பலகை அறுத்துச் செய்தது. பார்க்க அரிசிப் பெட்டி மாதிரி இருந்தது. இரண்டையும் போட்டுக் காட்டினார். கறுப்புப் பெட்டிக்குக் கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. இதுதான் என்று உடனே சொல்லிவிட்டேன்.

அப்பா குனிந்து, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மில்லில் மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம்.

“கறுப்புல பலகையும் சேந்து ஆடுது. ஒரு அடி விழுந்தா மூணு அடியாத் தெரியுது. மரப்பெட்டி அடிச்ச உடனே நின்னுருது.”

கடைக்காரர் பாட்டை நிறுத்தினார். “அண்ணாச்சி சொல்லுதது சரிதான் தம்பி. நான் சொன்னா, என் சரக்கைத் தள்ளிவிடுதேன்னு நெனைப்பீங்க.”

என் இரண்டு காதும் கேட்காததை அப்பாவின் கை கேட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, காது நன்றாக இருந்த நாளில் அப்பா தேயத் தேயக் கேட்ட தவில் கேசட்டைப் போட்டேன். தரையில் உட்கார்ந்து மரப்பெட்டியில் முதுகைச் சாய்த்தார். முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சுருங்கியது.

“ஏலே, குச்சியால அடிக்குத பக்கந்தான் வருது. விரல் வாசிக்குத பக்கத்தைக் காணோமே.”

தவிலில் குச்சி விழும் இடப்பக்கம் கனத்த சத்தம். வலப்பக்கத்தில் விரல்கள் எழுப்புவது கூர்மையான சத்தம். அதை எந்த வூஃபரும் தராது. நான் அதை யோசிக்கவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

அப்பா என் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வலது கை விரல்களால் தொடையில் வாசிக்கத் தொடங்கினார். எனக்குக் கேசட்டும் கேட்டது, அவர் தொடையும் கேட்டது. ஒரு அடி தப்பவில்லை.