மாடிப்படித் தூசி

அறுபதுகளின் நடுவில், பம்பாய் மாட்டுங்காவில் ஓர் அறையும் சமையலறையுமாக நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. எனக்குக் கடுமையான ஆஸ்துமா. விடிந்தால் இழுப்பு. லீவெல்லாம் தீர்ந்துவிட்டது, இனியும் மட்டம் போட்டால் வேலை போய்விடும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லை, பம்பாயை விட்டுக் கிளம்பு என்றார்கள் உறவினர்கள். கிளம்பிப் போய் எதைச் சாப்பிடுவது?

கடைசி முயற்சியாக ஒரு மராட்டிய டாக்டரிடம் போனோம். அவர் கேட்டது எங்கள் வீட்டுத் தூசி, ஒரு பொட்டலம்! அதிலிருந்து மருந்து தயாரித்து என் கையில் குத்திப் பார்ப்பாராம்; அந்த இடம் தடித்தால் இழுப்புக்குத் தூசிதான் காரணமாம்.

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. விடியற்காலையில் மெத்தையை உதறித் தட்டி, மூலைமுடுக்கெல்லாம் பெருக்கிவிட்டுத்தான் அவள் காபியே போடுவாள்.

"ஏன்னா, நம்மாத்துல தூசி ஏது? அந்த டாக்டர் என்னைப் பத்தி என்ன நினைச்சுப்பார்?" என்று வழியெல்லாம் புலம்பினாள். ஆனாலும் மறுநாள் பொட்டலம் தயாராக இருந்தது.

சில நாள் கழித்துக் குத்திப் பார்த்ததில் ஒன்றுமே ஆகவில்லை. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. அப்போதுதான் அவள் என் காதருகில் குனிந்தாள்.

"அது நம்மாத்துத் தூசி இல்லேன்னா. மாடிப்படியில வாரிண்டு வந்தேன்."

விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மெத்தையைத் தட்டி எடுத்து வரச் சொன்னார். இந்த முறை குத்திய இடம் தடித்துச் சிவந்து, அரிப்பு தாங்கவில்லை. அரிப்பு வந்ததற்காகச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன்.

எதிர்ப்புச் சக்தி குறைவே இல்லை, கூடிப்போனதுதான் கோளாறு என்றார் டாக்டர். பால்காரனைத் திருடன் என்று அடிக்கிற கூர்க்காவைப் போல, சாதாரண மெத்தைத் தூசியோடு என் உடம்பு சண்டைக்குப் போகிறதாம். அதே தூசியைத் துளித்துளியாக ஊசியில் ஏற்றிப் பழக்கலாம், நான் இருக்கும்போது மெத்தை தட்டக் கூடாது, தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றார்.

வீடு திரும்பியதும் அவள் அழுதுவிட்டாள். "தெனமும் நான்தானே உங்களுக்கு இழுப்பை வரவழைச்சிருக்கேன்!" எனக்குத் துளிக்கூடக் கோபம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊசி மெதுவாகத்தான் வேலை செய்தது. அடுத்த மழைக்காலம் முழுவதும் ஆபீஸ் போனேன், வேலையும் நிலைத்தது. இழுப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால், என் உடம்பும் சரி, அவளும் சரி, என்னைக் காப்பாற்றத்தான் அத்தனை பாடுபட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, மூச்சு முட்டும்போதுகூட எனக்குப் பயம் வருவதில்லை.