இரண்டு பேருக்கும் இரண்டு கணக்கு

டெலிபோன் ஆபீசில் இருந்துகொண்டு ஊர் உலகத்தையே பேச வைத்தவள் அவள். கம்பம் ஏறிக் கம்பி இழுத்தவர் அவள் கணவர். ஒருவர் வீடு திரும்பும்போது மற்றவர் வேலைக்குக் கிளம்புவார். ஓய்வு பெற்ற பிறகுதான் இருவருக்கும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வாய்த்தது.

அவருக்கு அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவு செய்ய, டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேள்விகள் கேட்டார். தானாகக் குளிக்கிறாரா, மூச்சு வாங்காமல் தெருமுனைவரை நடக்கிறாரா, எடை குறைந்திருக்கிறதா. அவர் கூசாமல் அளந்துவிட்டார். அவள் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பிறகு, கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவள் என்று அவளுக்கும் அதே கேள்விகள்.

ரத்தப் பரிசோதனைக்கு அவர் எழுந்து போனதும், இன்னும் எத்தனை நாள் என்று அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"இது ஜோசியம் இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "அவரை மாதிரி இருக்கிற பல பேரை வச்சுப் போட்ட கணக்கு. அவருக்கு ரெண்டு வருஷம்னு காட்டுது. உங்களுக்குப் பத்துக்கு மேல." கத்தி வைத்தால் வலிதான் மிஞ்சும், வாய்க்குப் பிடித்ததைச் சாப்பிடட்டும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் அவர் அவள் தோளில் சாய்ந்து தூங்கினார். எங்கோ தூரதேசம் போனவருக்காக ஏங்குவதுபோல அவள் மனம் அவருக்காகக் கிடந்து அடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து அவர் டீயில் மறுபடியும் சர்க்கரை விழுந்தது. ஈரத்துண்டை மெத்தைமேல் போட்டாலும் அவள் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீ திட்டாம இருக்கிறதைப் பார்த்தாலே பயமா இருக்கு. எவ்வளவு நாள்னாங்க?"

சொன்னாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு?"

அதையும் சொன்னாள். அவர் முகம் தெளிந்தது. "அப்பாடா," என்றார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன அப்பாடா? அத்தனை வருஷம் நான் யார் மூஞ்சிய பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டீ ஆறிப்போனது.

கணக்கை ஏமாற்றி மூன்று வருஷம் இருந்தார். வேலை நாட்களில் பறிபோன பகல்களையெல்லாம் பிடித்துவிடுவதுபோல இருவரும் காரணமே இல்லாமல் பஸ் ஏறிச் சுற்றினார்கள். ஒரு மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி நச்சரிக்கிறாள். அடுத்த மாதம் ஆகட்டும், அடுத்த மாதம் ஆகட்டும் என்று இவளும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். அங்கே போய்விட்டால் அவரோடு வாய்விட்டுப் பேச முடியாதே.