அம்மாவும் செய்த பயிற்சி

எட்டு வயதிலும் எனக்குச் சிறுநீர் அடங்காது. பலமாகச் சிரித்தால் பாவாடை நனைந்துவிடும். எண்பதுகளின் நடுவில் ஒருநாள் அம்மா என்னை அரூரிலிருந்து பஸ் ஏற்றி, தர்மபுரியில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"மருந்து வேணாம். மல்லாந்து படுத்து, ஒன்னுக்கு வர்றதை அடக்குற மாதிரி இறுக்கிப் புடி. அப்புறம் மெல்ல விடு. தெனமும் செய்யணும்" என்றார் டாக்டர்.

கிளம்பும்போது அம்மா தயங்கி நின்றார். "பெரியவங்களுக்கும் இது கேக்குங்களா? பக்கத்து வூட்டுல ஒருத்தங்க, புள்ள பெத்ததுலருந்து கஷ்டப்படறாங்க."

"அவங்களை நேர்ல வரச் சொல்லுங்க. பாத்துதான் சொல்லணும்."

அன்றிலிருந்து அம்மாவும் என் பக்கத்தில் பாயில் படுத்துப் பயிற்சி செய்தார். எனக்குத் துணையாகச் செய்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். சில மாதங்களில் எனக்குச் சரியானது. பள்ளியோடு தீர்த்தமலைக்குப் போய், பாவாடை நனையாமல் திரும்பினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பல வருஷம் கழித்து, என் பிரசவத்துக்கு அம்மா வந்து தங்கியிருந்தபோது, சிறுநீரில் நனைந்த தன் துணிகளை அவர் கிணற்றடியில் ஒளித்து அலசுவதைப் பார்த்துவிட்டேன். என்னைப் பெற்றதிலிருந்தே அப்படித்தான் என்றார்.

"இன்னைக்கே டாக்டர்கிட்ட போலாம்மா."

"இந்த வயசுல எனக்கு என்னத்துக்கு கண்ணு? நீ நல்லாயிட்டியே, அது போதும்."

எவ்வளவு கெஞ்சியும் அவர் வரவில்லை. அடுத்த வருஷமே இறந்துபோனார். குளிப்பாட்ட வந்த பெண்களை வெளியே நிறுத்திவிட்டு, அழுதுகொண்டே நான் மட்டும் அவருக்குச் சேலை மாற்றினேன்.